அவசரமில்லை என்று எழுதிக் கொடுத்தவள்

ஆர்டிஸ் க்வாலே மின்னசோட்டாவின் ஒரு சின்ன ஊரில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அத்தனை வருஷத்தில் அவள் யார் மேலும் ஒரு புகார் எழுதியதில்லை. கொதிக்கிற சூப்பைக் கைதவறி இவள் காலில் கொட்டிய உதவியாளைப் பற்றிக்கூட, அவளுக்கும் அன்றைக்கு நாள் சரியில்லை போல என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே நானூறு பிள்ளைகளுக்குப் பரிமாறினாள். அவள் ஒன்றும் தனிப்பிறவி இல்லை, எங்கள் பக்கமே அப்படித்தான். சாப்பாடு வாயில் வைக்க விளங்காவிட்டால் "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்போம். காப்பி வேண்டுமா என்று கேட்டால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறைதான் கோப்பையை நீட்டுவோம். இதெல்லாம் நல்ல குணம்தான். ஆனால் இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு புதிதாக டிரெய்லர் வீடு வாங்கப் போகக்கூடாது.

அவள் புருஷன் ஹார்லன் மாவட்டச் சாலைகளில் முப்பத்துநாலு வருஷம் பனி தள்ளுகிற லாரி ஓட்டியவன். ஓய்வு பெற்ற அன்றே, இனிமேல் பனியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டான். ஆர்டிஸுக்கும் இரண்டு முழங்காலும் குளிரில் இரும்பாக இறுகிப்போகும். கோடைக்கு இங்கே ஏரிக்கரை, குளிருக்கு அரிசோனா என்று பேசிப் பேசி, முப்பத்தெட்டு வருஷம் இருந்த வீட்டை மே மாதம் விற்றார்கள். அந்தப் பணத்தில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற இருபத்தெட்டு அடி வீடு ஒன்றை வாங்கினார்கள். இனி அதுதான் வீடு, வேறு கிடையாது. ஒரே மகன் ஃபார்கோவில் இரண்டு அறையில் மூன்று குழந்தைகளோடு இடிபட்டுக்கொண்டிருந்தான்.

ஏரிக்கரையில் டிரெய்லர்களை நிறுத்துகிற ஒரு முகாமில் இடம் எடுத்தார்கள். வாங்கிய பதினோராம் நாள் மழை பெய்தது. காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் பக்கத்து மூலையில் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு மேடையின் இழுப்பறை மூடமாட்டேன் என்றது. வளைவில் திரும்பினால் கதவு தானே திறந்துகொண்டது. சூடேற்றும் பெட்டி பத்து நிமிஷம் ஓடிவிட்டு அணைந்துபோனது. பக்கத்து டிரெய்லர்காரர், முதல் வருஷம் எல்லாம் இப்படித்தான், என்னுடையது ஒழுகாத நாளே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். கேட்டு ஹார்லனுக்கு நிம்மதியாகிவிட்டது. அடுத்தவனுக்கும் அதே கஷ்டம் என்றால் அது கஷ்டமில்லை என்பது அவன் கணக்கு.

வீட்டை விற்ற டீலரிடமே இழுத்துக்கொண்டு போனார்கள். வெறுங்கையோடு போகக் கூசி, ஆர்டிஸ் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக் துண்டுகள் செய்து எடுத்துப் போனாள். கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்து, என்னென்ன கோளாறு என்று கேட்டார்கள். பின்னால் நாலுபேர் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில் ஒரே வரியில் எழுதினாள்: "சின்னக் கசிவு. அவசரமில்லை. நன்றி."

அவசரமில்லை என்பவர்களை எந்த வரிசையில் வைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஏழு வாரம் அந்த வீடு டீலரின் முற்றத்தில் வெட்டவெளியில் நின்றது. ஜூலை மழை அத்தனையும் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே இறங்கியது. இவர்கள் ஒரு மோட்டலில் வாரக்கணக்கில் அறை எடுத்து, மின்சாரக் கெட்டிலில் முட்டை வேகவைத்துச் சாப்பிட்டார்கள். கடைசியில் டீலரின் ஆட்கள் கூரை ஓரமாக வெள்ளைப் பசையை இழுத்துப் பூசி மெழுகித் திருப்பிக் கொடுத்தார்கள். ஹார்லன் கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டு வந்தான். ஒழுகல் நிற்கவில்லை, இடம் மாறியது. மறுபடி போனார்கள், மறுபடி பசை. மூன்றாம் முறை அந்த முற்றத்துக்குள் நுழையும்போது ஆர்டிஸுக்குக் கேக் செய்யக்கூடக் கை வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, டிரெய்லருக்குள் பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே தண்ணீர் பிடிக்கப் போனவளின் இடது கால் கணுக்கால் வரை தரைக்குள் இறங்கியது. பிளைவுட் ஊறிய ரொட்டிபோல் உதிர்ந்தது. அவள் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மெதுவாக வெளியே எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள். ஹார்லன் ஓட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒரு பலகையை எடுத்து மேலே போட்டான்.

"அடுப்புப் பக்கமா இல்லாம போச்சே, அதுவரைக்கும் நல்லது" என்றான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, அந்த டிரெய்லரைச் செய்த கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. தரை அழுகியதற்குக் காரணம் நாள்பட்ட கசிவு; வாங்கியவர்களே அதைச் சின்னக் கசிவு என்றும் அவசரமில்லை என்றும் எழுதித் தந்திருக்கிறார்கள்; உரிய நேரத்தில் கவனிக்காத சேதத்துக்கு வாரன்டி கிடையாது. கூடவே அந்தப் படிவத்தின் நகலும் இருந்தது. ஆர்டிஸ் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கில் எழுதி எழுதி அழகாக வந்த கையெழுத்து. நன்றிக்குக் கீழே ஒரு சுழிகூடப் போட்டிருந்தாள்.

அக்டோபர் நடுவில் முகாம்காரர்கள் குழாய்கள் உறையுமுன் தண்ணீரை நிறுத்தி வாசலைப் பூட்டுவார்கள். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டை இழுத்துக்கொண்டு டீலரிடம் கடைசியாக ஒரு முறை போனார்கள். மேலாளர் கோரிக்கு நாற்பது வயதிருக்கும், அவனும் இந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான். உட்கார வைத்து, காப்பி வேண்டுமா என்று கேட்டு, வருத்தப்பட்டான். தொழிற்சாலைக்கு அனுப்பித் தரையை மாற்றலாம், பிப்ரவரி ஆகிவிடும், செலவு மட்டும் இவர்கள் தலையில் விழும் என்றான். சொல்லும்போது அவனுக்கே முகம் சுருங்கியது.

"நீ என்னப்பா பண்ணுவே, உன் கையிலயா இருக்கு" என்றான் ஹார்லன். இரண்டு தொடையிலும் தட்டி, "சரி, அப்போ" என்று சொன்னான். எங்கள் ஊரில் தொடையைத் தட்டிவிட்டால் பேச்சு முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். அவன் பாதி எழுந்துவிட்டான். கோரியும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை.

"இதை நீங்களே திரும்ப எடுத்துக்கோங்க. நாங்க குடுத்ததைக் குடுத்துடுங்க" என்றாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கோரி ஹார்லனைப் பார்த்தான். ஹார்லன் தரையைப் பார்த்தான். அது முதலாளிதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம், இன்றைக்கு அவர் வரவில்லை, கடை மூடும் நேரமும் ஆயிற்று என்று கோரி இழுத்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் அன்பாகவே சொன்னான்:

"வீட்டுக்குப் போய் நல்லா யோசிங்க ஆர்டிஸ். திங்கக்கிழமை பேசலாம்."

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டாள்.

வேறு நாளாக இருந்தால் ஹார்லன் சமாளிப்பாக எதையாவது சொல்லி எல்லாரையும் காப்பாற்றியிருப்பான். இன்றைக்கு அவன் திரும்ப அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கோரி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, முதலாளியின் வீட்டு ஃபோன் எண்ணைத் தேடி எடுத்தான்.