உச்சிமாகாளி தமிழனான விதம்

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு போல்ட் முடுக்கும் உச்சிமாகாளி நான்கு வருஷமாக கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆக இப்போது ஒரு வழி வந்திருந்தது. கம்பெனி ஆப்பில் பாதுகாப்புப் படம் ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டும். முடிவில் பேச்சு, எழுத்து இல்லாமல் படங்களாகவே வரும் கேள்விகளுக்குச் சரியான படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். நான்கு வருஷம் விரல் போகாமல் மெஷின் முன்னால் நின்றது தகுதியில் சேராது. போன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் சேரும்.

படம் தமிழில் ஓடியது. "முறுக்குவிசைக் கருவியின் இயக்கத்தை இடைநிறுத்திய பின்னர், பற்றுறுப்பினை விடுவித்திடுக."

என்னைப் போல் அயல்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, தமிழ் பிழைக்குமா என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்குக் காது குளிரும். உச்சிமாகாளிக்குத் தெரிந்த பெயர்கள் போல்ட் முடுக்கும் டார்க் கன், சீட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். எதை முதலில் செய்யச் சொல்கிறார்கள் என்றே விளங்கவில்லை. இரண்டு முறை ஃபெயில்.

இருங்காட்டுக்கோட்டை ரூமில் கூடத் தங்கியிருந்த இசக்கிதுரை, அவனும் திருநெல்வேலிப் பக்கம்தான், போனை வாங்கிப் பார்த்தான்.

"ஏல, மூலையில வாய் மாதிரி ஒரு படம் கெடக்குல்லா, அத அமுக்குல. மூணு பாஷ இருக்கு."

இங்கிலீஷில் பேசியவன் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் போலப் பேசினான். ஹிந்தியைத் தொட்டார்கள். டார்க் கன், கிளாம்ப், ஸ்டாப் பட்டன் எல்லாம் அதே பெயரில் வந்தன. நடுவில் இருந்த ஹிந்தி, லைனில் பக்கத்தில் நிற்கும் பீகார்ப் பையன்களிடம் தினமும் கேட்பதுதான்.

"இதுல்லா நம்ம பாஷ," என்றான் உச்சிமாகாளி. பாஸ் ஆனான்.

மறுவாரம் ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். அங்கே ரத்னா, மணிமங்கலத்துக்காரர், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாப்பா, நீ ஹிந்திக்காரனா?"

"இல்ல மேடம். தின்னவேலி."

"சிஸ்டத்துல ஹிந்தின்னு கீதே. கடைசியா எந்த ஆடியோல படம் பாத்தியோ அதான் தாய்மொழின்னு ஏறிக்கும். இந்த பெர்மனென்ட் லிஸ்ட்டு லோக்கல் ஆளுங்களுக்கு மட்டும்தான்."

"எம் பேரு உச்சிமாகாளி மேடம். பீகார்ல இப்பிடிப் பேரு யாரு வப்பா?"

"எனக்குத் தெரியுதுப்பா. சிஸ்டத்துக்குத் தெரியணுமே. தமிழ் ஆடியோ வச்சி மொதல்லேர்ந்து பாத்து பாஸ் பண்ணு. நாளைக்கு லிஸ்ட்டு க்ளோஸ்."

கேள்விகள் ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் படத்தைப் புரிந்து பார்த்தே ஆக வேண்டும். புரிவதற்கு ஹிந்தி வேண்டும். தமிழனாவதற்குத் தமிழ் வேண்டும்.

ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்ததும் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். உச்சிமாகாளியின் போனில் தமிழ். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாயிற்று. இசக்கிதுரையின் போனில் அதே படம், ஹிந்தியில், முழுச் சத்தம்.

"எனக்கு ஹிந்தின்னு ஏறிருமேல," என்று இசக்கிதுரை கையைப் பின்னுக்கு இழுத்தான்.

"நீ சேந்தே ஆறு மாசம்தான் ஆவுது. ஒன் முறை வாரதுக்குள்ள தமிழனாயிரலாம், அமுக்குல."

இருவரும் ஒன்றாக அமுக்கினார்கள். கண்ணுக்குத் தமிழும் காதுக்கு ஹிந்தியுமாகப் படம் ஓடி முடிந்தது. எல்லாக் கேள்வியும் சரி.

மறுநாள் ரத்னா அவன் பெயரைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, "தமிழ் ஆடியோ எப்டி இருந்துச்சுன்னு மேல கேக்குறாங்கப்பா," என்றார்.

உச்சிமாகாளி யோசித்தான். "நல்லாருந்துச்சு மேடம். ஒரு தொந்தரவும் இல்ல."

ரத்னா ஐந்து நட்சத்திரம் போட்டார்.