எந்தக் கையில் மூன்று விரல்

அண்ணன் மூன்று விரல்களைக் காட்டினார். அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மடங்கியிருந்தன. நடுவிலிருந்த மூன்றும் நிமிர்ந்து, மருத்துவமனைக் கட்டிலின் வெள்ளைப் போர்வைக்கு ஒரு சாண் மேலே நின்றன. நகக்கண்களில் ஆலையின் எண்ணெய்க் கறுப்பு இன்னும் போகவில்லை. பகல் ஒரு மணி இருக்கும். தொண்டைக்குள் குழாய் இறக்கியிருந்ததால் அவரால் பேச முடியாது. அந்த மூன்று விரல்களுக்குப் பிறகு கை மார்பைத் தொட்டதா, தோளைத் தொட்டதா, அது எந்தக் கை, கடைசியில் நீண்ட சுட்டுவிரல் என்னைக் காட்டியதா அல்லது எனக்குப் பின்னாலிருந்த கதவைக் காட்டியதா, இவை எதுவும் எனக்கு நினைவில்லை. என் மகள் இவற்றைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். மலேசியாவில் ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் உள்ள செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாய்லர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாய்லர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்பவர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். வால்வை மூடு, குலை ஏற்றிய லோரி வந்துவிட்டது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கைச்சாடை உண்டு. ஆவி ஏறும்வரை சும்மா நிற்க வேண்டிய நேரத்தில், அந்தச் சாடைகளையே வைத்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குக் கைப்படம் என்று பெயர். ஒருவர் வாயைத் திறக்காமல் கையால் காட்ட, எதிரில் நிற்பவர் அது எந்தப் படம் என்று சொல்ல வேண்டும். இடது கையைத் தூக்கினால் படம், வலது கையைத் தூக்கினால் பாட்டு. எத்தனை விரலோ அத்தனை வார்த்தை. தோளைத் தொட்டால் சண்டைப் படம், மார்பைத் தொட்டால் குடும்பக் கதை. சுட்டுவிரலை எதிரில் இருப்பவரை நோக்கி நீட்டினால், ‘இதை நீ என்னோடு சேர்ந்து பார்த்திருக்கிறாய்’ என்று அர்த்தம். இந்த விதிகளையெல்லாம் நான் அவர் போன பிறகுதான் என் மகளிடமிருந்து தெரிந்துகொண்டேன். எத்தனையோ வருடங்கள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் கண்ணெதிரில் அவர்கள் இருவரும் இதை விளையாடியிருக்கிறார்கள். நான் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் தொடங்குவார்கள். மேசையின் ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் என் மகள். அண்ணனின் கை எதையெதையோ செய்துகொண்டிருக்கும். மகள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லித் தோற்பாள். “மாமா, இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த படம். போங்கு ஆட்டம் லா!” என்று கத்துவாள். “முதல் நாள் முதல் காட்சி பாத்தவன் நான். போன்ல அரைகுறையா பாத்துட்டு என்கிட்ட வந்து பேசக்கூடாது” என்பார் அவர். நான் அந்தப் பக்கம் வந்தால் அண்ணன் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டுவார். மண்டோர் வருகிறார் என்பதற்கான சாடை அது. எனக்குத் தெரிந்த ஒரே சாடையும் அதுதான். இருவரும் அடக்க முடியாமல் சிரிப்பார்கள்.

“பரீட்சைப் பேப்பர்ல கைப்படம் கேள்வி வருமாடி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வந்தா ஏ பிளஸ்தான் மா.”

“நீயும் உக்காரு பாப்பா. உனக்கு சுலபமா ஒண்ணு கேக்கறேன்” என்றார் அண்ணன் என்னிடம். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கட்டு இருந்தது உண்மைதான். ஆனால் அன்று மாலைவரை அதை நான் பிரிக்கவே இல்லை.

நான் பயந்த சுபாவம். மகள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்போடுதான் எழுந்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றுபோன அண்ணனின் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் அவருடைய சினிமாப் பைத்தியம் என் பிள்ளைக்குத் தொற்றிவிடுமோ என்று உள்ளூர ஒரு கலக்கம். அவள் பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்துக்கு வந்ததும், எஸ்.பி.எம். அரசுத் தேர்வு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். “சரி பாப்பா, படிக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தேர்வின் இரண்டாவது வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரண இருமல் என்று நினைத்து வேலைக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை மூச்சு முட்டி ஆலையிலேயே உட்கார்ந்துவிட்டார். நுரையீரலில் கிருமி பரவிவிட்டது என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மகளிடம் நான் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. “டாக்டர் ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்னு சொன்னாரு” என்றேன்.

“நானும் வரேம்மா. அஞ்சே நிமிஷம்.”

“வியாழக்கிழமை பேப்பர் முடியட்டும். இப்ப நீ போய் நின்னா என்னை விட மாமாவுக்குத்தான் கோவம் வரும்.”

அவள் நம்பினாள். நான் டீச்சர். எந்தக் குரலில் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது அண்ணன் விழித்திருந்தார். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கைகளையும் மெத்தென்ற துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நான் வந்ததும் தாதி கட்டை அவிழ்த்துவிட்டார். இளம் மலாய்ப் பெண், மிகவும் பொறுமைசாலி. வலி, தண்ணீர், குளிர் என்று மலாய் மொழியில் படங்களோடு எழுதிய ஓர் அட்டையை அண்ணனின் முன்னால் பிடித்தார். அண்ணன் அதை விரலால் தள்ளினார். பேனா கொடுத்தோம். தாளில் கோடுகள்தான் விழுந்தன. பேனாவைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். பிறகுதான் அந்தக் கை மேலே எழுந்தது.

“மூணு நாளா இப்படி இருக்கா அண்ணே?” என்றேன். தலையை மிக மெல்ல அசைத்தார், இல்லை என்று. “மூணு மணியா? மூணு பேர் வரணுமா?” இல்லை. “வலிக்குதா?” இல்லை. விரல்கள் மறுபடி நிமிர்ந்தன. கை எங்கோ தொட்டது, எதையோ காட்டியது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. கைப்படமோ என்ற எண்ணம் ஒரு கணம் எனக்கு வந்தது, வராமல் இல்லை. ‘இந்த நிலைமையில் யாராவது சினிமாப் பெயர் கேட்பார்களா?’ என்று நானே அதை ஒதுக்கிவிட்டேன். கைப்பையில் போன் இருந்தது. எடுத்து ஒரு நிமிடம் படம் பிடித்திருந்தால் போதும், அன்று மாலையே மகள் பார்த்துச் சொல்லியிருப்பாள். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லிப் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றேன். அவர் கையை இறக்கவில்லை. தலைமாட்டிலிருந்த இயந்திரம் கத்தத் தொடங்கியது. தூக்கிய கை குழாய்க்கு அருகில் போவதுபோல் எனக்குத் தெரிந்தது. பயத்தில், கையைத் திரும்பக் கட்டிவிடுங்கள் என்று தாதியிடம் சொன்னேன்.

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே, வேண்டுமானால் நான் கூடவே நிற்கிறேன் என்றார் அந்தப் பெண். வேண்டாம், கட்டிவிடுங்கள் என்றேன். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று காரணம் சொன்னேன். அவளை அழைக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தாதி அவர் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக் கீழே கொண்டுவந்து பட்டையைச் சுற்றினார். அண்ணன் திமிறவில்லை. நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் அவரை முழுமயக்கத்தில் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை தேர்வு முடிந்ததும் மகள் பள்ளிச் சீருடையோடு வந்தாள். குழாயைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிய அவர் கண்களுக்கு எதிரே இடது கையைத் தூக்கி, நான்கு விரல்களைக் காட்டி, தோளைத் தொட்டு, அப்படியே வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு என்னிடம், “செவ்வாய்க்கிழமை மாமா கையை அசைச்சாராம்மா?” என்று கேட்டாள். மூன்று விரல் காட்டினார் என்றேன். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. “எந்தக் கை?” என்றாள்.

சனிக்கிழமை காலை அண்ணன் இறந்துபோனார்.

கருமாதிக்கு, அவரோடு பாய்லரில் வேலை செய்த கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். மகள் அவரை விடவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கூர்ந்து பார்த்தார்.

“எந்தக் கைம்மா?”

“தெரியலண்ணே.”

“தொட்டது தோளா, நெஞ்சா?”

“சரியா ஞாபகம் இல்ல.”

அவர் தன் சாப்பாட்டு இலையில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணும் இருக்காதும்மா. தேத்தண்ணி கேட்டிருப்பான். மில்லுல மூணு விரல்னா மூணு மணி தேத்தண்ணி” என்றார், என்னைத் தேற்றுவதற்காக. “தேத்தண்ணிக்கு மாமா அவ்ளோ நேரம் கையைத் தூக்கி வச்சிருக்க மாட்டாரு லா” என்றாள் மகள்.

இப்போது அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மூன்று வார்த்தைப் பெயர் கொண்ட படங்களை ஒரு பக்கமும் மூன்று வார்த்தையில் தொடங்கும் பாட்டுகளை மறுபக்கமும் எழுதியிருக்கிறாள். சுட்டுவிரல் என்னைத்தான் காட்டியது என்றால், அது நானும் அண்ணனும் சேர்ந்து பார்த்த படமாக இருக்க வேண்டும். “சின்ன வயசுல மாமாவோட என்னென்ன படம் பாத்தீங்க?” என்று கேட்கிறாள். அவர் தோளில் உட்கார்ந்து பார்த்தது நினைவிருக்கிறது, பாதியில் தூங்கிப்போனது நினைவிருக்கிறது. ஒரு படத்தின் பெயர்கூட வரவில்லை. அந்தப் பெயர்களெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நேற்று மதியமும் காட்டச் சொன்னாள். காட்டினேன். “அம்மா, போன வாரம் இடது கை காட்டினீங்க. இன்னிக்கு வலது கை” என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, களைத்துப்போன குரல். உண்மையில் நான் இத்தனை முறை காட்டியதில் அவர் கை என் நினைவிலிருந்து அழிந்து, என் கைதான் மிஞ்சியிருக்கிறது.

“சரி, கடைசியா ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றாள். “கையை மாமாவே இறக்கினாரா?”

“ஏன்?”

“எதிர்ல இருக்கறவங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் இறக்கக்கூடாதும்மா, அதான் ஆட்டம். அவரே இறக்கிட்டார்னா, பரவால்ல, இதை விடுன்னு அர்த்தம்.”

அவள் கண்ணைப் பார்க்காமல், “அவரே இறக்கிட்டாரு” என்றேன்.

“அப்போ சரிம்மா” என்று நோட்டை மூடி வைத்தாள். பிறகு, பல நாட்களுக்குப் பின் முதல்முறையாக, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் எழுந்துபோய் சோறு போட்டேன்.