கொக்கி காலியாகாத நாள்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொழும்பில் போன் திருத்தும் கடையில் வேலை. கூட வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் சீ என்ற கணினி மொழியைக் காட்டித் தந்தார். இங்கிலீஷ் எனக்கு ஓடாது. எழுத்தைப் பார்த்து அப்படியே அடித்துப் பழகினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொடகவெலப் பக்கம். மனைவி அங்கே கொழுந்து எடுக்கிறாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசின் முகம் கணக்குப்பிள்ளை பக்கம் இருக்கும். அவர் எண்ணைச் சொல்வார். தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழிப்பார். குறித்த எடைக்குக் குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். பெண்கள் எண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை.

லீவில் வந்தபோது ஒரு மிஷின் செய்தேன். கொக்கியில் சாக்கை மாட்டினால் பலகையில் பெரிய சிவப்பு எண் வரும். தோட்ட மேனேஜரான துரை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். சரியாக ஓடினால் மிஷின் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள நானும் தோட்டத்திலேயே இருக்கலாம். இல்லையென்றால் கொழும்புதான். மனைவி என் பயணப் பையை எடுத்துப் பரணில் போட்டாள்.

சீயோடு வரும் லைப்ரரி என்ற தயார் நிரல்களில் ஒரு வேலையை இரண்டு த்ரெட்டாகப் பிரிக்க வழி உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். என் மிஷினில் ஒன்று எடையைப் படிக்கும். மற்றது எண்ணைக் காட்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பலகையில் கை வைத்தால் எண் கெட்டுப்போகும். அதற்கு ஒரு லொக், பூட்டு மாதிரி. லொக்கை எடுத்தவன் திரும்ப வைக்கும்வரை மற்றவன் நிற்க வேண்டும்.

பெண்கள் ஒன்று கேட்டார்கள். "எங்க எண்ண கொஞ்ச நேரம் வுட்டு வைங்க தம்பி. நாங்க பாத்துக்கிறோம்."

சாக்கை இறக்கும்வரை எண் நிற்கும்படி எழுதினேன். காட்டுகிற த்ரெட் லொக்கைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கும். கொக்கி காலி என்று படிக்கிற த்ரெட் சொன்னதும் விடும். வீட்டில் மனைவி அரிசிச் சாக்கை மாட்டினாள், எடுத்தாள். எண் வந்தது, போனது.

ஓட்டிப் பார்க்கிற நாள் காலை நிறுவை நன்றாகப் போனது. பெண்கள் சாக்கை இறக்காமல் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்குப்பிள்ளை சத்தம் போட வேண்டியிருந்தது.

அந்தி நிறுவைக்கு மழை வந்தது. நனைந்த கொழுந்துக்குக் கழிவு அதிகம். அதனால் மழையில், தன் கொழுந்து நனையுமுன் நிறுத்துவிட, முதல் சாக்கு இறங்குமுன்னே அடுத்தவள் தன் சாக்கை மாட்டிவிடுவாள். கொக்கி காலியாகவே ஆகாது. பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். அரிசிச் சாக்கை ஒற்றையாக மாட்டும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

எண் அப்படியே நின்றது. அடுத்த சாக்குக்கும் அதே எண். அதற்கடுத்ததற்கும் அதே.

"எல்லாருக்கும் ஒரே எண்ணா?" என்றாள் ஒருத்தி. "நல்ல மிஷின் தம்பி இது. இதையே எழுதச் சொல்லுங்க."

சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளை எல்லாச் சாக்கையும் இறக்கச் சொன்னார். அப்போதும் எண் நின்றது. வெளியே கொழுந்து நனைந்தது. அவர் பழைய தராசை எடுத்து மாட்டினார். கழிவு கூடியது. பல பேருக்கு அரைப்பேர். மனைவிக்கும்.

துரை வந்து பார்த்தார். "ஹரி யன்னே நே மல்லி," என்றார். சிங்களத்தில், சரிவராது தம்பி என்று.

மறுநாள் பிழையைக் கண்டுபிடித்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கக்கூசில் ஒருவன் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீர் வாளிக்காகக் காத்திருக்கிறான் என்று வையுங்கள். வாளி வைத்திருப்பவன் வெளியே, கதவு திறக்கட்டும் என்று நிற்கிறான். அதுதான். காட்டுகிறவன் லொக்கை வைத்துக்கொண்டு செய்திக்காக நின்றான். செய்தி சொல்ல வேண்டியவன் அடுத்த எண்ணை வைக்க அதே லொக்குக்காக நின்றான். பிறகு கொக்கி காலியானாலும் சொல்ல ஆளில்லை.

லைப்ரரியில் வெயிட், அதாவது காத்திரு, என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் த்ரெட் லொக்கைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கும். சிக்னல் வந்தால் எழுந்து திரும்ப எடுக்கும். அதைப் போட்டேன். எடை மாறினாலும் சிக்னல் கொடுக்கும்படி செய்தேன். மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் கொக்கியைக் காலியாக விடாமல் சாக்கை மாற்றி மாற்றி மாட்டினார்கள். ஒரு எண்ணும் பிசகவில்லை.

ஆபீசுக்குக் கொண்டு போனேன். துரை பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. மிஷின் சரிவரவில்லை என்று மேலிடத்துக்கு அறிவித்தாகிவிட்டது என்றார். கணக்குப்பிள்ளை மட்டும் வாசல்வரை வந்தார்.

"விடுங்க தம்பி. இனி எவன் கொண்டாந்தாலும் எடுக்க மாட்டாங்க."

மனைவி பரணிலிருந்து பையை இறக்கினாள்.

தீபாவளிக்கு வந்தபோது மிஷின் கட்டிலுக்கடியில் இருந்தது. மேலே பழைய சேலை போர்த்தியிருந்தாள். எடுத்துக் கரண்ட் கொடுத்தேன். அவள் கொழுந்துச் சாக்கில் எதையோ போட்டு மாட்டினாள். எண் வந்தது. நின்று பார்த்தாள்.

"இப்ப வேல செய்யுதுங்க," என்றாள்.

"ஆமா."

சாக்கை இறக்கினாள். எண் போனது. விடிய முதல் பஸ்ஸில் நான் கொழும்புக்குப் போனேன்.