பூட்டிய வீட்டுக்கு வரித் தள்ளுபடி

மனைவி இறந்த பிறகு கேளம்பாக்கத்தில் மகனோடு இருக்கிறேன். பீர்க்கன்கரணை வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆளில்லாத வீட்டுக்குச் சொத்து வரியில் ஒரு பகுதி தள்ளுபடி உண்டு. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நேரில் வந்து பார்ப்பார்கள். விதியை நான்கு முறை படித்துவிட்டு, 'இவ்வீட்டில் எவரும் வசிக்கவில்லை' என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டேன். முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பொய் எழுதிக் கொடுத்தான் என்ற பேர் இந்த வயதில் வந்துவிடக் கூடாது.

பார்க்க வந்த மாநகராட்சி பில் கலெக்டர் முதலில் மின் மீட்டர் முன்னால் நின்று, அங்கே தொங்கிய ரீடிங் அட்டையைத்தான் படித்தார்.

"இன்னா சார், ஆளே இல்லைன்றீங்க, ரெண்டு மாசத்துல நாப்பத்தொரு யூனிட் ஓடிக்கீதே. பேய் எதுனா குடிவச்சிருக்கீங்களா? பேய்க்கெல்லாம் தள்ளுபடி கெடையாது சார்."

நானும் அட்டையைப் பார்த்தேன், நாற்பத்தொன்றுதான். பிறகுதான் நினைவு வந்தது: இயேசுவின் திரு இருதயப் படத்தின் முன் எரியும் சின்னச் சிவப்பு பல்பு. கல்யாணமானதிலிருந்து அதை அணைத்ததில்லை. பூட்டிக்கொண்டு கிளம்பும்போதும் அணைக்கத் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் யாருக்கும் தோன்றாது. பதினைந்து வாட், இருபத்துநான்கு மணி நேரம், அறுபது நாள். ஏறக்குறைய இருபத்திரண்டு யூனிட் என்று சொன்னேன்.

"சரி சார், மீதி பத்தொம்போது?"

உள்ளே போய்ப் பார்த்தோம். ஃபிரிட்ஜின் பிளக் பிடுங்கியே இருந்தது. மூன்று மின்விசிறி, ஏழு விளக்கு, எல்லாம் அணைந்திருந்தன. குளியலறைக் கதவை அவர்தான் தள்ளினார். வாளியில் விளிம்புவரை தண்ணீர். விரலை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சார்... வெதவெதன்னு கீது."

பக்கத்தில் என் மனைவியின் சந்தன சோப்பு ஈரமாக இருந்தது.

"வேற யார்கிட்ட சாவி கீது?"

"ஒரே சாவிதான். என்கிட்டதான் இருக்கு."

பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. ஜன்னல்கள் ஐந்திலும் கம்பி. திரும்பவும் எண்ணினேன், ஐந்துதான். மணி பத்தரை. சமையலை முடித்துவிட்டு அவள் குளிக்கப் போகிற நேரம்.

பில் கலெக்டர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்ட பிறகே வாயைத் திறந்தார்.

"காலின்னு எழுதறதா, வேணாமா? நீங்களே சொல்லிடுங்க சார்."

மனுவைத் திரும்ப வாங்கினேன். உறுதிமொழியைக் குறுக்கே அடித்தேன். வசிப்போர் எண்ணிக்கையில் பூஜ்யத்தை ஒன்றாகத் திருத்தி, முழு வரியையும் கட்டினேன். யார் என்று அவர் கேட்கவில்லை. ரசீதை நீட்டும்போதும் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.