மணலில் எறிந்த மெடல்

இரண்டு வருடங்களுக்கு முன், பெரும்போக நெல் வெள்ளாமை வெட்டு முடிந்திருந்த நேரம். கல்முனைக்குப் பக்கத்தில் கடற்கரையோர ஊர் எங்களுடையது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். அதனால் கலியாணம் முடிக்காத என் தம்பியும் எங்களோடு இருந்தான். ஊரில் உதைபந்தாட்டம் என்றால் அவன் பெயர்தான். தேநீர்க் கடையில்கூட அவனிடம் காசு வாங்கமாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு இறுதிப் போட்டி. திடல் எங்கள் வேலிக்கு அப்பால்தான். கைக்குழந்தையான மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயது மகளோடு தென்னங்கிடுகு வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். நிந்தவூர் அணியிடம் எங்கள் ஊர் ஒரு கோலால் தோற்றது. இரண்டாம் இடத்துக்கான மெடலைக் கழுத்தில் போட்டதுதான் தாமதம், தம்பி எதிரணிக்குக் கைகொடுக்க நிற்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தான். மெடலைக் கழற்றி முற்றத்து மணலில் எறிந்தான்.

“ரோசக்காரன். அந்த ரோசம் இரிக்கிறதாலதான் அவன் இப்பிடி விளையாடுறான்” என்றார் என் கணவர். அடுத்த வீட்டுச் சாச்சி, “பாவம், புள்ளட மனம் எப்பிடி எரியும்!” என்று உருகினார். நான் மெடலைப் பொறுக்கி, மண்ணை முந்தானையால் துடைத்து, கண்ணாடி அலுமாரியில் வைத்தேன். முட்டை பொரித்து அவனுக்குச் சோறு போட்டேன். மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது என் நினைவிலேயே இல்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. நானும் பார்க்கப் போயிருந்தேன். முந்திய வருடம் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் மகள். இந்த முறை ஒரு சாண் வித்தியாசத்தில் இரண்டாவதாகிவிட்டாள். பரிசாகக் கிடைத்த, சோப்பு வைக்கும் சவர்க்காரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவள், வென்ற பிள்ளை நீட்டிய கையைப் பார்க்காததுபோலக் கடந்து, பெட்டியை மணலில் எறிந்தாள்.

“திமிரப் பாத்தியளா? என்ன வளர்ப்போ!” என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். அதே சாச்சிதான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாளைக்கு அவளுடைய வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வர வேண்டும். ஊர் என்ன பேசும்? அத்தனை பேருக்கும் முன்னால் அவள் முதுகில் அடித்தேன். பெட்டியைப் பொறுக்க வைத்து, அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்க வைத்து, மன்னிப்பும் கேட்க வைத்தேன். அவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் கேட்டாள்: “உம்மா, மாமா எறிஞ்சா ரோசம். நான் எறிஞ்சா மட்டும் திமிரா?”

“அவரு ஆம்புள, மகள்.”

“ஆம்புளைக்குத்தான் தோத்தா நோகுமா?”

“இனி நான் ஓடமாட்டன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எறிந்தது பிழைதான், கண்டித்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் தம்பியை ஏன் கண்டிக்கவில்லை? அவன் எறிந்ததை மன்னிக்கலாம் என்றால், அந்த அடியை இவளுக்கு ஏன் கொடுத்தேன்? எந்தப் பக்கம் திருப்பினாலும் பிழை என்னிடமே வந்து நின்றது.

மறுநாள் தம்பி சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றுக்கு முன் அந்த மெடலைக் கொண்டுவந்து வைத்தேன்.

“தம்பி, நீ எறிஞ்சத நான் பொறுக்கினது பிழை. இத நீதான் பொறுக்கியிரிக்கணும். அந்த அணிக்குக் கையும் குடுத்திரிக்கணும்.”

“என்ன ராத்தா, உங்களுக்கு விசரா? ஊரே ஒண்டும் சொல்லல்ல, நீங்க இப்ப வழக்கு வைக்கிறயளே!” என்று அவன் சிரித்தான்.

கதவடியில் நின்ற மகள், “குடுங்க மாமா. கைகுடுத்தா கை தேஞ்சி போகாது. நான் குடுத்துப் பாத்தன்” என்றாள்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பிட்டு எழும்பும்போது மெடலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். யாருக்காவது கைகொடுத்தானா என்று நான் கேட்கவில்லை.

அவளிடம், “எல்லாருக்கும் முன்னால அடிச்சது பிழை, மகள்” என்று நான் சொல்ல மூன்று நாள் ஆனது. மறு வருடம் அவள் ஓடினாள். மூன்றாவதாக வந்து, வென்றவளுக்குக் கைகொடுத்தாள். ‘நல்ல வளர்ப்பு’ என்றார்கள். அதைக் கேட்டு என்னால் சந்தோசப்பட முடியவில்லை.

இப்போது மகனுக்கு மூன்று வயது. ராத்தாவோடு விளையாடித் தோற்றால் பந்தைத் தூக்கி முற்றத்தில் எறிகிறான். “மாமாட ரோசம் அப்பிடியே இரிக்கி!” என்று சாச்சி சிரிக்கிறார். பொறுக்கிக் கொடுக்க என் கை தானாகவே நீளுகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, அவனே போய் எடுத்து வரும்வரை காத்து நிற்கிறேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.