சகலைக்குப் போகக் கூடாத சீட்டு

தினேஷ்குமாருக்கு அல்சர் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் யாரும் நம்பவில்லை. அவன் வயிறு எரிந்ததற்கு ஒரே காரணம் ஆனந்தராஜ்தான்.

தினேஷ் தளிப் பக்கத்துக்காரன். டிப்ளமா முடித்துவிட்டு ஓசூரில் கியர் செய்யும் எங்கள் கம்பெனியில் சி.என்.சி. மிஷினில் சேர்ந்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. மனைவி ரூபா, பாகலூர். அவளுடைய தங்கை கவிப்ரியாவைக் கட்டிக்கொண்டு, அதே கம்பெனிக்கு வந்து சேர்ந்த சகலைதான் ஆனந்தராஜ். அன்றைக்குப் பிடித்தது எரிச்சல். இவன் பைக் வாங்கினால் அவன் கார் வாங்கினான். மூத்த மாப்பிள்ளை என்னவோ இவன்தான். ஆனால் மாமியார் மாரம்மா, "சின்ன மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி போடு" என்று சொல்லிவிட்டால் இவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் துண்டு யாருக்குப் போனது என்பது வரை புலம்புவான்.

வெளிநாடு போகலாம் என்று ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்தான். அடுத்த வாரமே ஆனந்தராஜும் சேர்ந்தான்.

"எனக்குன்னு கொஞ்சம் காத்து வீசினாக்கூட வந்து நின்னுக்கறான்பா" என்றான் என்னிடம்.

போன வருடம் தினேஷுக்கு இரண்டு வாய்ப்புகள் ஒன்றாக வந்தன. ஒன்று, எங்கள் கம்பெனியின் ஜெர்மனி கிளைக்கு மாற்றல். விசாவைக் கம்பெனியே எடுத்துக் கொடுக்கும். ஆனால் தனி ஆளாகப் போய், மூன்று வருடம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். நடுவில் வேறு இடத்துக்கு மாற முடியாது. இன்னொன்று, வீடியோவில் இன்டர்வியூ கொடுத்து அவனே தேடிக்கொண்டது. அங்கே சின்னத் தொழிற்சாலை நடத்தும் ஒரு முதலாளி நேரடியாக வேலை கொடுத்து விசாவுக்கும் ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தார். மனைவியையும் குழந்தையையும் அழைத்து வரலாம், பிடித்தால் அங்கேயே தங்கிவிடலாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரூபா யோசிக்கவே இல்லை. மகளுக்கு ஸ்வெட்டர் வாங்கினாள். தோசை ஊற்றும்போது ஜெர்மனில் ஒன்று இரண்டு சொல்லிப் பழகினாள். ஷிஃப்ட் ஷிஃப்ட்டாக ஓடுகிற புருஷனோடு அங்கேயாவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அவளுக்கு ஆசை.

எச்.ஆர். தான் கெடுத்தார். "கம்பெனி மாற்றல் உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க. அந்தச் சீட்டு ஆனந்தராஜுக்குப் போகும்" என்றார்.

அன்று பஸ்ஸில் தினேஷ் கொதித்தான். "அவனைக் கம்பெனி மாலை போட்டு அனுப்பும். நான் ராஜினாமா குடுத்துட்டு சத்தமில்லாம போகணுமா?"

"அடேய், உனக்குக் குடும்பத்தோட போற வேலை கையில இருக்குது. அவன் தனியா போனா உனக்கு என்னா போச்சு?"

"போகக் கூடாது" என்றான்.

ரூபாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனிச் சீட்டுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டான். அந்த முதலாளிக்கு, வர இயலாது என்று மெயில் அனுப்பினான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவனை அன்றுதான் நேரில் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னபோது ரூபா அழவில்லையாம், சண்டையும் போடவில்லையாம். அதைப் பெருமையாக வேறு சொன்னான். கேன்டீனில் கேக் வெட்டினோம். ஆனந்தராஜ் தொங்கிய முகத்தோடு வந்து கை கொடுத்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனையும்! அன்று தினேஷ் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

விசா வந்ததும் பாகலூரில் மாமியார் வீட்டில் விருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தான். பாதிச் சாப்பாட்டில் ஆனந்தராஜ் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்: "அண்ணா, எனக்கும் ஜெர்மனியில வேலை கெடைச்சிடுச்சு. கவியையும் பையனையும் கூட்டிட்டுத்தான் போறேன்."

எந்தக் கம்பெனி என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன். தினேஷ் வேண்டாம் என்று எழுதிய அதே தொழிற்சாலை.

தினேஷ் பாதி இலையில் எழுந்தான். எச்சில் கையோடு சமையலறைக்குள் போனான். அவன் போட்ட சத்தம் கூடம் வரை கேட்டது.

"அந்த எடம் காலியா இருக்குதுன்னு அவனுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் ரூபா. "நமக்கு வேணாம்னு சொல்லிட்டீங்க. என் தங்கச்சியாவது புருஷன்கூட இருக்கட்டும்."