முதல் திருநீறு யாருக்கு?

பேச்சியம்மாள் டீச்சர் போய்விட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது நான் சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் புளியங்குடி வண்டிக்காக நின்றிருந்தேன். வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை. ஒரே பள்ளியில் பக்கத்து வகுப்புகளில் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். அவர் குரல் சுவரைத் தாண்டி என் பிள்ளைகளுக்கும் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும்.

நிட்சேப நதிக்கரையில் இருக்கும் அவருடைய சின்ன ஊர் உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டே தெரு, ஓர் அம்மன் கோயில். அங்கே பல வருடங்களாகக் கோயில் கொடைத் திருவிழா நின்றுபோயிருந்தது. ஊருக்கு முதலில் வந்தவர்களுக்குத்தான் முதல் திருநீறு என்பது வழக்கம். அது நாங்கள்தான் என்று வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் முறைத்துக்கொண்டு நின்றன. கொடையைப் பார்க்காமல் கண்மூட மாட்டேன் என்பார் டீச்சர். ஊர் வரலாற்றைத் தொகுத்தால் வழக்கு தீரும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். சண்டை கூடியதுதான் மிச்சம். நான் கேலி செய்தேன். சில நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு கேள்வியை மாற்றிவிட்டார். "உங்க ஆளுக இங்கன வந்து இறங்குன அன்னைக்கு யாரு வீட்டுல கஞ்சி குடிச்சாங்க?"

அதற்கு எல்லாரிடமும் பதில் இருந்தது. வெள்ளத்தில் வீடிழந்து வடக்குத் தெருவுக்கு வந்த சில குடும்பங்களுக்குத் தெற்குத் தெரு கஞ்சி ஊற்றியிருந்தது. வேறொரு சமயம் மழையில்லாமல் குருவிகுளம் பக்கமிருந்து தெற்குத் தெருவுக்கு வந்த குடும்பங்களுக்கு வடக்குத் தெரு ஊற்றியிருந்தது. இதையெல்லாம் கோயில் முன்னால் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். கொடைக்குச் சம்மதம் கிடைத்தது.

அந்தக் கொடைக்கு நானும் போயிருந்தேன். பூசாரி தட்டோடு நின்றார். ராயகிரியிலிருந்து குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு குடும்பத்தை டீச்சர் முன்னால் கூப்பிட்டார்.

"ஏட்டி பேச்சி, நேத்து வந்தவங்களுக்கா முதல் துன்னூறு?" என்று வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர் எகிறினார்.

"நம்மளும் ஒருநா நேத்து வந்தவங்கதானே, சித்தப்பா."

மேளம்கூட நின்றுவிட்டது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விலகி வழிவிட்டார். "வாங்கிக்கிடுங்க. சாப்பாடு எங்க வீட்டுலதான்."

"அதெப்படி? நாங்க உலை வச்சாச்சு!" என்றது தெற்குத் தெரு.

டீச்சர் சிரித்தார். "இந்தச் சண்டையப் போடுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

இந்த வருடமும் கொடை உண்டு என்று துக்க வீட்டில் இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து நின்று சொன்னார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். புதிதாக ஒருவரைப் பார்த்தால், எந்த ஊர், யாருடைய ஆள் என்று கேட்க இன்னமும் வாய் வருகிறது. அதை விழுங்கிவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன்.